வக்கீல் சார் பெயரில் ஒரு 10 கே வேண்டுமா?

5 ஜனவரி 2025, ஞாயிறு – வந்த கேள்வி

"பெங்களூர் அல்சூர் வக்கீல் சாருக்குக் காரியம் முடிந்துவிட்டது. அவர் பெயரில் வருடா வருடம் ஒரு 10 கே, அதாவது பத்து கிலோமீட்டர் ஓட்டப் போட்டி நடத்தலாம் என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். ஸ்பான்சர் தயார். டி-ஷர்ட், மெடல், சிப் டைமிங் எல்லாம் உண்டு. 900 ரூபாய் நுழைவுக் கட்டணம் வைத்தால் கட்டுப்படியாகும். அவரோடு ஓடியவர்கள் என்ன சொல்கிறீர்கள்?"

5 ஜனவரி, இரவு

வேண்டாம் என்கிறேன்.

ஒருத்தரிடமும் ஒரு ரூபாய் வாங்காத மனிதர். அவர் நடத்திய ஓட்டக் குழுவுக்குப் பெயரே கிடையாது. பேனர், லோகோ, வாட்ஸ்அப் டிபி எதுவும் இல்லை. "ஏரிக்கு வந்துடு, அஞ்சரை" என்பார், அவ்வளவுதான். முறைப்படி சங்கமாகப் பதிவு செய்யலாமே என்று எங்களில் ஒருவர் நச்சரித்தபோது, கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960, குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்று மடமடவென்று ஒப்பித்தார். அப்புறம், "ஏழு பேர் சேர்ந்தா சங்கம். எட்டாவது ஆள் வந்தா கோஷ்டி. வேண்டாம்ப்பா" என்று சொல்லிவிட்டு ஓட ஆரம்பித்துவிட்டார்.

அவர் பெயரை டி-ஷர்ட்டின் முதுகில் ஒரு பனியன் கம்பெனி விளம்பரத்துக்குக் கீழே பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

6 ஜனவரி

"யார் இந்த வக்கீல்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி.

மேயோ ஹால் கோர்ட்டில் மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்குகள் பார்த்தவர். எம்.ஜி. ரோடு முனையில் இருக்கும் அந்தப் பழைய கட்டடம்தான். அப்பா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து அல்சூரில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் தமிழ், கோர்ட்டில் கன்னடமும் இங்கிலீஷும், டீக்கடையில் மூன்றும்.

எனக்கு அவர் பழக்கமானது ஓட்டத்தால் இல்லை. 2013-ல் என் தம்பியை ஒரு டெம்போ அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. வண்டி எதுவென்று தெரியாவிட்டால் பலத்த காயத்துக்கு அன்றைய சட்டப்படி கிடைத்த தொகை 12,500 ரூபாய். உயிரே போனாலும் 25,000. (2022 ஏப்ரலிலிருந்துதான் அது 50,000, 2 லட்சம் என்று ஆனது.) தம்பியின் தொடையில் வைத்த கம்பிக்கே அந்தப் பணம் காணாது.

சார் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எந்த இடத்துல அடிச்சான்? என்ன நேரம்?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த இடத்துக்கு ஓடியே போயிருக்கிறார், ஷார்ட்ஸும் பனியனுமாக. முனையில் இருந்த டீக்கடைக்காரர் வண்டி நம்பரைப் பார்த்திருக்கிறார். போலீஸ், கோர்ட் என்று இழுப்பார்களே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. கறுப்புக் கோட்டோடு போய் நின்றிருந்தால் எங்களிடமும் சொல்லியிருக்க மாட்டார். வியர்த்து ஊற்ற நின்று டீ கேட்ட ஆளிடம் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதற்கப்புறம் அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற சார் பட்ட பாடு தனிக்கதை. உதவி செய்கிறவர்களை அலைக்கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னது 2016-ல்தான். எங்கள் வழக்கு அதற்கு முந்தியது.

மேயோ ஹால் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து ஒரு நாள், "ஏம்மா, உனக்கும் எனக்கும் இருபத்தஞ்சு வயசு வித்தியாசம் இருக்குமா? ஞாயித்துக்கிழமை ஏரிக்கு வாயேன்" என்றார். கட்சிக்காரியிடம் வக்கீல் பேசுகிற பேச்சா இது? வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் போனேன்.

6 ஜனவரி, கொஞ்சம் கழித்து

"உங்கள் வழக்கையும் இலவசமாகவா நடத்தினார்?" இல்லை, வக்கீல் ஃபீஸ் வாங்கினார். அந்தக் கேள்வி வரும் என்று தெரியும். வழக்குக்கு ஃபீஸ், ஓட்டத்துக்கு இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

8 ஜனவரி

"இப்போது பெங்களூரில் ஒவ்வொரு பார்க்கிலும் ஒரு ரன்னிங் குரூப் இருக்கிறது. இவர் என்ன புதிதாகச் செய்துவிட்டார்?" – கோரமங்கலா தம்பி.

தம்பி, குரூப்கள் பெருகியது உண்மை. இங்கே வேர்ல்டு 10கே 2008-ல் தொடங்கியது. அதற்கப்புறம்தான் ஐ.டி. ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பன் பார்க்குக்கு வர ஆரம்பித்தார்கள். சாரிடம் வந்தவர்கள் வேறு மாதிரி. ஆட்டோ ஓட்டுகிறவர், மர்ஃபி டவுனில் பூக்கட்டும் அக்கா, துப்புரவுப் பணியாளரின் இரண்டு பையன்கள், மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஹவில்தார் ஒருவர், கூடவே என்னைப் போல் கணக்கு எழுதுகிறவர்கள். இவர்களில் பாதிப் பேர் 900 ரூபாய் கட்டி எங்கேயும் ஓடியதில்லை, ஓடப்போவதும் இல்லை. என் முதல் ஆட்சேபம் அங்கேதான்.

இரண்டாவது விஷயம், சார் எந்த ரோட்டில் எத்தனை மணிக்கு ஓடலாம் என்பதை ஃபைல்களிலிருந்து கற்றவர். முப்பது வருடம் தினமும் மதியம் வரை அதையே படித்தார்: எந்தத் திருப்பத்தில் பஸ் அகலமாகத் திரும்பும், எந்த ஃப்ளைஓவர் இறக்கத்தில் விடிகாலை லாரிக்காரன் தூங்கி வழிவான். அதனால் அவர் விதிகள் குறைவு, தளர்வு கிடையாது. வண்டி எதிரே வரும் பக்கமாகத்தான் ஓட வேண்டும், முதுகுப் பக்கம் வரும் வண்டியை நம்பக் கூடாது. காதில் எதுவும் மாட்டக் கூடாது. விடிவதற்கு முன் வெளிர் நிறச் சட்டை. இரண்டு பேருக்கு மேல் ஜோடி போட்டு ரோட்டை அடைக்கக் கூடாது. பூ அக்கா ஒரு நாள் கறுப்புச் சுடிதாரில் வந்துவிட்டார். சார் தன் வெள்ளைக் கோர்ட் சட்டையைக் காரிலிருந்து எடுத்துக் கொடுத்து மேலே போட்டுக்கொண்டு ஓடச் சொன்னார். அன்றைக்கு அவர் கோர்ட்டுக்கு எதைப் போட்டுக்கொண்டு போனாரோ தெரியாது.

9 ஜனவரி

மல்டிப்ளையர் கதையை யாருமே சொல்லவில்லையே!

விபத்து வழக்கில் நஷ்டஈடு கணக்குப் போட ஒரு பெருக்கல் எண் உண்டு. 2009-ல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வயதுவாரியாக அதை நிர்ணயித்தது. 15 முதல் 25 வயது வரை 18. அப்புறம் படிப்படியாக இறங்கி, 46–50க்கு 13, 56–60க்கு 9, 65 தாண்டினால் 5. வருட வருமானத்தை இதால் பெருக்குவார்கள்.

சார் எங்களை வயதால் கூப்பிடவே மாட்டார். "ஏய் பதினெட்டு, மெதுவா போ", "பதினாலும் பதினாலும் சேர்ந்து ஓடுங்க". என் 46-வது பிறந்தநாளில் வாழ்த்து எப்படி வந்தது தெரியுமா? "பதிமூணுக்கு இறங்கிட்டியேம்மா." அவருடையது அஞ்சு. "அஞ்சுதான் எனக்கு, அதுக்கு மேல எந்த கோர்ட்டும் தராது, ஆனா அஞ்சும் என்னுது" என்று சொல்லிக்கொண்டே கென்சிங்டன் ரோட்டு ஏற்றத்தில் பதினெட்டுகளைத் தாண்டிப் போவார். போய் மேலே நின்று மூச்சு வாங்குவார், அது வேறு.

12 ஜனவரி, ஞாயிறு

இன்றைக்கு ஏரியில் இருபது பேர் இருந்திருப்போம். புதிதாக வந்த பையன் ஓடி முடித்துவிட்டு வாட்ச்சைக் காட்டி, "இது அஞ்சு கிலோமீட்டர் இல்லை ஆன்ட்டி, 5.13 காட்டுது. உங்க வக்கீல் தப்பா அளந்திருக்கார்" என்றான்.

சார் இருந்திருந்தால் அந்தப் பையன் பத்து மணிக்கு முன் வீட்டுக்குப் போயிருக்க முடியாது. அவருக்குப் பதில் நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

வாட்ச் அளப்பதில்லை, ஊகிக்கிறது. வானத்திலிருந்து வரும் சிக்னல் மரத்திலும் கட்டடத்திலும் பட்டுச் சிதறி வருவதால், நீ நேராக ஓடினாலும் உன் கோடு அங்கே வளைந்து நெளிந்து விழும். அந்த நெளிசலெல்லாம் கூட்டலில் சேரும். அதுவும் போக, நீ ஓரத்தை ஒட்டி ஓடவில்லை, குட்டைத் தண்ணீருக்கு ஒதுங்கினாய், நாய்க்கு ஒதுங்கினாய். ஒரு பாதையின் நீளம் என்பது ஒருவர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழி. வளைவில் ஓரக்கல்லிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளப்பார்கள்.

சார் அளந்த விதம் இது. முதலில் நேரான ரோட்டில் 300 மீட்டரை எஃகு டேப்பால் அளந்து இரண்டு முனையிலும் ஆணி அடித்தார். டேப் சரியாக இருப்பது 20 டிகிரி வெப்பத்தில். "அதுக்குன்னே செஞ்ச ஊருய்யா இது" என்று அதில் ஒரு பெருமை. பிறகு சைக்கிள். முன்சக்கரத்தில் ஜோன்ஸ் கவுன்டர் என்ற சின்னப் பல்சக்கர எண்ணி. 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜோன்ஸ் என்பவர் உருவாக்கியது, இன்றும் பெரிய மாரத்தான்களை அதில்தான் அளக்கிறார்கள். எண் ஒன்று ஏறினால் ஒரு சாணுக்கும் குறைந்த தூரம். அந்த 300 மீட்டரில் நான்கு முறை ஓட்டிப் பார்த்து, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை எண் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதன் பிறகு பாதையை அளந்து, திரும்ப வந்து மறுபடி அதே 300 மீட்டரில் நான்கு முறை. ஏனென்றால் வெயில் ஏறினால் டயரில் காற்று விரியும், சக்கரம் ஒரு நூல் பெரிதாகும், கணக்கு மாறும். காலைக்கும் அப்புறத்துக்கும் எண் வேறுபட்டால் பெரியதை எடுக்கச் சொல்வார். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலே ஆயிரத்தில் ஒரு பங்கு சேர்க்க வேண்டும், பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக. 5 கிலோமீட்டருக்கு 5 மீட்டர். முழு மாரத்தானுக்கு 42 மீட்டர்.

அந்தக் கவுன்டரை வரவழைக்க அவர் ஒரு உறவுக்காரரை எவ்வளவு காலம் தொந்தரவு செய்தார் என்பதை அவர் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

"அளந்தவன் கையெழுத்து இல்லாத தூரம் வதந்தி" – இது சாரின் வாசகம். அளந்த நாள், நேரம், வெப்பம், டயர் காற்று, ஓட்டியவர், கூட நின்ற சாட்சிகள் இரண்டு பேர், எல்லாம் பச்சை லெட்ஜர் பேப்பரில் டைப் அடித்து வைத்திருந்தார். சாட்சி இரண்டில் ஒன்று பூ அக்கா.

13 ஜனவரி

"ஒரு பத்து மீட்டர் கூடக் குறைய இருந்தால் என்ன குடி முழுகிவிடும்?"

மான்செஸ்டர் மாரத்தானில் 2013 முதல் 2015 வரை மூன்று வருடம் பாதை 380 மீட்டர் குறைவாக இருந்தது பின்னால் தெரிய வந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் ஓடிய நேரம் செல்லாமல் போனது. காசு கட்டி, பயிற்சி எடுத்து, முட்டி தேய ஓடி, கடைசியில் "நீ ஓடியது மாரத்தானே இல்லை" என்றால்? எங்கள் பூ அக்கா 5 கிலோமீட்டரை நாற்பது நிமிடத்துக்குள் முடித்த நாளில் எல்லோருக்கும் கேசரி பாத் வாங்கிக் கொடுத்தார். அந்த நாற்பது நிமிடம் நிஜமாகவே 5 கிலோமீட்டருக்கான நாற்பது நிமிடம். சாருக்கு முக்கியம் அதுதான். ஒலிம்பிக் ஆளுக்கு ஒரு அளவு, பூக்காரருக்கு ஒரு அளவு என்று அவரிடம் கிடையாது.

13 ஜனவரி, மறுபடியும்

42.195 கிலோமீட்டர் கிரேக்கர் காலத்துக் கணக்கு என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடியது சுமார் 40 கிலோமீட்டர். 1908 லண்டனில் வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரச குடும்பம் உட்கார்ந்த இடத்துக்கு முன்னால் முடித்தார்கள். அந்தத் தூரம்தான் 1921-ல் நிலையாகிவிட்டது. "ராணி உக்காந்த நாற்காலிக்காக உலகமே கடைசி ரெண்டு கிலோமீட்டர் சாகுது" என்பார் சார்.

15 ஜனவரி

திருவள்ளுவர் தினம், பொங்கல் லீவு வேறு. காலையில் மெதுவாக ஒரு சுற்று. ஏரிப் பக்கத்து வள்ளுவர் சிலைக்கு மாலை விழுந்திருந்தது. பதினெட்டு வருடம் சாக்குப் போட்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில் திறந்த சிலை. சார் அதைத் தாண்டும்போதெல்லாம், "என் கேஸையெல்லாம் விட லேட்டான கேஸ்" என்பார். இன்றைக்கு அந்த ஜோக்கைச் சொல்ல ஆளில்லாமல் ஹவில்தார் அண்ணன் சொன்னார். சிரிப்பு வரவில்லை, சும்மா தலையாட்டினோம்.

19 ஜனவரி, ஞாயிறு

பாதிப் பேர் மும்பை மாரத்தானுக்குப் போய்விட்டதால் ஏரியில் கூட்டமில்லை. யோசிக்க நேரம் கிடைத்தது.

என் "வேண்டாம்" கொஞ்சம் அவசரப்பட்டதோ என்று தோன்றுகிறது. போட்டியே கூடாது என்று சார் சொன்னதில்லை. துப்புரவுப் பணியாளரின் மூத்த பையனை 10 கிலோமீட்டர் போட்டிகளுக்குக் கூட்டிப் போய், கட்டணத்தைத் தானே கட்டியவர் அவர். ஷிவ்நாத் சிங் கதையை அவனுக்கு அவர் சொல்லாத வாரமில்லை: பீகார் பக்ஸரிலிருந்து வந்து, வெறுங்காலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு ஓடி, 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் பதினோராவது, 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். நாற்பது வருடத்துக்கு மேல் எந்த இந்தியரும் அதைத் தொடவில்லை. கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "ஆனா நீ ஷூ போட்டுக்கோடா" என்று ஒரு ஜோடி எடுத்துக் கொடுப்பார்.

ஆகவே போட்டி நடத்த நினைப்பவர்களை நான் வில்லனாக்க விரும்பவில்லை. 900 ரூபாய் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

20 ஜனவரி

ஒரு பழைய ஆள் எழுதியிருப்பதை அப்படியே விட முடியாது: "அவர் கடுகடுப்பான ஆள். ஒரு திருப்பத்தைக் குறுக்கே வெட்டினேன் என்று எல்லோர் முன்னாலும் திட்டி அனுப்பினார். அதற்கப்புறம் நான் வரவில்லை."

நடந்திருக்கும். கோபக்காரர்தான். குறுக்கே வெட்டினால் பொய்ச்சாட்சி சொன்ன மாதிரி பேசுவார், அதுவும் நாற்பது வயது ஆளிடம், பனியன் நனைந்து நிற்கிற நேரத்தில். நானே இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்திருக்கிறேன், காரணம் இங்கே வேண்டாம். செத்துப்போனவரைச் சாமியாக்கிவிட்டால் திட்டு வாங்கியவர்கள் எங்கே போவார்கள்? அந்த நண்பர் அடுத்த ஞாயிறு வர வேண்டும். இப்போது திட்ட ஆளில்லை.

23 ஜனவரி

சாரின் ஜூனியராக இருந்தவர் எழுதியது: "ஓட்டத்தில் தொழிலைக் கோட்டைவிட்டார் என்று ஒரு பேச்சு இங்கே ஓடுகிறது. அவர் ஒரு வாய்தாவுக்குத் தாமதமாக வந்ததை நான் பார்த்ததில்லை. ஓடியதால்தான் 'சீனியர் அட்வகேட்' பட்டம் கிடைக்கவில்லை என்பார்கள். அந்த ஆசை அவருக்கு எப்போது இருந்தது? ஒன்று மட்டும் நிஜம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததே இல்லை. சார் வீட்டு அம்மா அதை என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார்."

அந்தக் கடைசி வரிக்கு என்னிடம் பதில் இல்லை. காரியத்தன்று அம்மா எங்கள் எல்லோருக்கும் காபி கொடுத்தபோது, "நீங்கள்லாம்தானா அது" என்றார். என்ன அர்த்தத்தில் என்று இன்றுவரை புரியவில்லை.

26 ஜனவரி, ஞாயிறு

விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குக் கொடியேற்றம் முடிந்து ஓடினோம். ஏரிக்கு அந்தப் பக்கச் சந்திப்பில் ரோட்டைத் தோண்டி மறுபடி போட்டபோது நடுத்திட்டை எடுத்துவிட்டார்கள். சார் அளந்த காலத்தில் அந்தத் திட்டைச் சுற்றித்தான் போக முடியும். இப்போது எல்லோரும் நேராகக் கடக்கிறோம். அப்படியானால் நாம் ஓடுவது 5 கிலோமீட்டர் இல்லை. வாட்ச் பையன் 5.13 என்றான், நான் நீளமாகப் பாடம் நடத்தினேன். உண்மையில் பாதை குறைந்திருக்கிறது! அவன் வாட்ச் தப்பு, ஆனால் அவன் சந்தேகம் நல்ல சந்தேகம்.

10 கே நடத்துகிறவர்கள் நடத்தட்டும். எங்களிடம் சைக்கிள் இருக்கிறது, கவுன்டர் ஜூனியரிடம் இருக்கிறது, 300 மீட்டர் ஆணிகளில் ஒன்றாவது மிஞ்சியிருக்கும். மறுபடி அளப்போம். அடுத்த ஞாயிறு நாலரை மணி, வண்டிகள் வருவதற்கு முன்னால்.

2 பிப்ரவரி, ஞாயிறு

அளந்தாயிற்று.

ஆணி இரண்டுமே போய்விட்டன, தார் தின்றுவிட்டது. எஃகு டேப்பைப் பிடிக்க ஆறு பேர், வண்டி வந்தால் கத்த இரண்டு பேர். சைக்கிளை மூத்த பையன் ஓட்டினான். ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் என்பது சொல்ல எளிது. நிறுத்தி வைத்த கார்கள், படுத்திருக்கும் மாடு, இட்லி வண்டி. காரை நகர்த்தச் சொல்லி ஹவில்தார் அண்ணன் இரண்டு வீட்டுக் கதவைத் தட்டினார். ராணுவக் குரலைக் கேட்டு ஒருவர் லுங்கியோடு ஓடி வந்து சாவி போட்டார்.

திரும்ப 300 மீட்டரில் ஓட்டியபோது வெயில் வந்திருந்தது, எண் குறைந்திருந்தது, சார் சொன்னபடியே. காலையில் வந்த பெரிய எண்ணை எடுத்தோம். ஆயிரத்தில் ஒன்றும் சேர்த்துக் கணக்குப் போட்டால், முடிவுக் கோடு 17 மீட்டர் தள்ளிப் போக வேண்டும்.

அதாவது ரோடு மாறியதற்குப் பிறகு போட்ட சாதனை நேரங்கள் எல்லாம் ரத்து. பூ அக்காவின் நாற்பது நிமிடம் அதற்கு முந்தியது, அது நிற்கும். என்னுடையது நிற்காது. வயிறு எரிகிறது.

லெட்ஜர் பேப்பரில் ஜூனியர் டைப் அடித்துக்கொண்டு வருவார். சாட்சிகள்: பூ அக்கா மறுபடியும், அப்புறம் அந்த வாட்ச் பையன்.

4 பிப்ரவரி

10 கே நண்பர் பெரிய மனசோடு எழுதியிருக்கிறார்: பெயர் வைப்பதை ஒத்திவைக்கிறார்களாம், கட்டணமில்லாத நூறு இடம் ஒதுக்க முடியுமா என்று ஸ்பான்சரிடம் கேட்கிறார்களாம். பாதையை எங்கள் சைக்கிளில் அளந்து தர முடியுமா என்றும் கேட்கிறார். முடியும். சாட்சிக் கையெழுத்து இரண்டு வேண்டும், அளவெடுக்கும் நாளில் ரோட்டில் கார் நிற்கக் கூடாது. நூறு இடம் உறுதியானதும் தேதி சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி: சார் தன் கையால் போட்ட பழைய மஞ்சள் கோட்டை நினைவாக விட்டுவைக்கலாமா?

கூடாது. ரோட்டில் இரண்டு கோடு இருந்தால் புதிதாக வருகிறவன் முதல் கோட்டிலேயே நின்றுவிடுவான், 17 மீட்டர் குறைய. சனிக்கிழமை ராத்திரி அழித்துவிடுவோம். தின்னரும் கம்பி பிரஷ்ஷும் நான் கொண்டுவருகிறேன், யாராவது டார்ச் எடுத்து வாருங்கள்.